பட்டியல் முதலில், எண் பிறகு: மருத்துவ ஆய்வாளரின் வெளியீட்டுப் பதிவையும் மேற்கோள் கணக்கையும் தொகுக்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மருத்துவ ஆய்வாளர்களுக்காக வெளியீட்டுப் பட்டியல் தொகுத்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. பதவி உயர்வு, ஆய்வு நிதி, தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தகுதிநிலை மதிப்பீடு எனத் தேவை ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் இடறும் இடம் ஒன்றுதான். உட்கார்ந்ததும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து, பெயரை அடித்து, முதலில் வரும் பக்கத்திலுள்ள எச்-குறியீட்டை (ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண், கணக்கு எட்டாம் படியில்) எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த எண் யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி, நாயக்கர், செட்டி, ரெட்டி என்று ஒரு கைக்குள் அடங்கும் குடும்பப் பெயர்கள்தான் ஒவ்வொரு மருத்துவமனைக் கதவிலும் இருக்கின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆய்வாளரின் பழைய தன்விவரக் குறிப்பு, அவர் வேலை பார்த்த நிறுவனங்கள் ஆண்டு வாரியாக, முனைவர் பட்டம் அல்லது சிறப்பு மருத்துவப் பட்டம் பெற்ற ஆண்டு, இதுவரை பயன்படுத்திய எல்லா மின்னஞ்சல் முகவரிகள். இந்த நான்கும் இல்லாமல் தேடலைத் தொடங்காதீர்கள். பழைய மின்னஞ்சல் முகவரி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மறந்துபோன கணக்குகள் பெரும்பாலும் அவற்றில்தான் திறக்கப்பட்டிருக்கும்.

நிறுவனங்களின் பெயர்மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004 ஜனவரியில் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின. 2003-இல் ஒரு பெயரிலும் 2005-இல் வேறொரு பெயரிலும் கட்டுரை எழுதிய ஒருவர், நாற்காலியை விட்டு நகராமலே, கணினியின் கண்ணில் இரண்டு ஆட்களாகிவிடுவார். வடக்கே மெடுன்சா என்ற மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் நிலை இன்னும் சிக்கல். அது 2005-இல் வடக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து லிம்போபோ பல்கலைக்கழகம் ஆனது, 2015-இல் செஃபாகோ மக்கத்தோ சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது. ஒரே வளாகத்துக்கு மூன்று பெயர்கள்.

2. எதற்காகக் கேட்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள்

கேட்கப்படும் கால அளவும் வகையும் இடத்துக்கு இடம் மாறும். தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தகுதிநிலை மதிப்பீட்டில் கடந்த எட்டு ஆண்டுகளின் வெளியீடுகளே முதன்மையானவை. பதவி உயர்வுக் குழு வாழ்நாள் முழுவதையும் கேட்கலாம். உயர்கல்வித் துறையின் மானியக் கணக்கிலோ, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் அந்த ஆய்விதழ் இருக்கிறதா, கட்டுரையில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பவைதான் கேள்வி. மேற்கோள் எண்ணிக்கைக்கு அங்கே வேலையே இல்லை.

இதைக் கேட்காமல் முப்பது ஆண்டுப் பட்டியலை முடித்துவிட்டு, தேவை எட்டு ஆண்டு மட்டுமே என்று கடைசி நாளில் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. ஒரு முழுத் தாளை எடுத்துக்கொண்டு ஆய்வாளரோடு நேரில் உட்காருங்கள்.

முதலில் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல். பிள்ளை என்பது ஆங்கிலத்தில் ஒய் எழுத்தில் முடிகிறதா, ஐ எழுத்தில் முடிகிறதா? நாயுடு இரண்டு ஓ எழுத்துகளில் முடிகிறதா, ஒரே யூ எழுத்திலா? படையாச்சியின் கடைசி எழுத்துகள் இ-யா, ஐ-யா, ஒய்-யா? அண்ணனுக்கு ஒரு விதமாகவும் தம்பிக்கு வேறு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் பதிந்த குடும்பங்கள் எங்களிடையே உண்டு. ஆய்விதழின் அச்சுக்கோப்பாளரும் தம் பங்குக்கு மாற்றியிருப்பார்.

அடுத்து இனிஷியல். இரண்டு இனிஷியல் உள்ளவர் சில கட்டுரைகளில் ஒன்றை மட்டும் போட்டிருப்பார். வீட்டுப் பெயரிலேயே எல்லோரும் அழைப்பதால் அதன் முதல் எழுத்தைப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

பெண்களிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாக, பணிவோடு கேளுங்கள்: திருமணத்துக்கு முன் எந்தப் பெயரில் எழுதினீர்கள்? பிள்ளையாகத் தொடங்கி, இடைக்கோடு போட்டுப் பிள்ளை-மூட்லியாகி, பிறகு மூட்லி மட்டுமாக ஆனவரின் உழைப்பு மூன்று துண்டாகக் கிடக்கும். இளமையில் எழுதிய கட்டுரைகளே நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்பட்டு வந்திருக்கும் என்பதால், அந்த முதல் துண்டை விட்டால் இழப்பு பெரிது.

இரட்டைக் குடும்பப் பெயர்களும் இப்படித்தான். எச்.ஐ.வி. ஆய்வில் உலகறிந்த கரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் இருவரின் கட்டுரைகளும் சில நூற்பட்டியல்களில் அப்துல் கரீம் என்றும், சிலவற்றில் கரீம் என்று மட்டும் போட்டு அப்துலின் முதல் எழுத்தை இனிஷியலாக்கியும் இருப்பதைக் காணலாம். உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இப்படியென்றால், மாவட்ட மருத்துவமனையில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுதுபவரின் பெயரை யார் சரிபார்ப்பார்கள்? நாம்தான்.

4. ஆர்கிட் எண்

ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்த அடையாளமாக இருக்கும் பதினாறு இலக்க எண். இலவசம். ஆய்வாளர் தாமே பதிவு செய்ய வேண்டும். கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து வரும், அது பிழை அல்ல. பெயர் மாறினாலும் வேலை மாறினாலும் இந்த எண் மாறாது என்பதால்தான் மற்ற தளங்களுக்குப் போகும் முன் இதை முடிக்கச் சொல்கிறேன்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பழைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றிலும் தேடிய பிறகே புதிதாகத் திறவுங்கள். ஆய்விதழ் ஒன்று கேட்டதற்காக 2015 வாக்கில் அவசரமாகத் திறந்து மறந்துவிட்டவர்கள் ஏராளம். இரண்டு இருந்தால் கணக்கு அமைப்புக்குள் போய் ஒன்றை மற்றதோடு இணைத்துவிடலாம்.

பிறருக்காகச் செய்பவர்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள். நம்பகமான நபராக உங்களைச் சேர்க்கும் வசதி ஆர்கிட்டிலேயே இருக்கிறது.

5. தாய்ப்பட்டியல்

ஒரு எக்செல் தாள் போதும். நெடுவரிசைகள் இவை: தலைப்பு, ஆய்விதழ், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்), பப்மெட் எண் (மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் தருவது), கட்டுரை வகை, கட்டுரையாளர் வரிசையில் இவரது இடம், அச்சிடப்பட்ட நிறுவனப் பெயர், அச்சிடப்பட்ட பெயர் வடிவம். கடைசி இரண்டும் வீண் வேலை என்று தோன்றும். ஆறாம் படியில் பிறர் கட்டுரையைப் பிரித்தெடுக்கவும், ஏழாம் படியில் தளங்களுக்குத் திருத்தம் எழுதவும் அவைதான் சான்று.

பப்மெட்டில் தொடங்குங்கள். இலவசம், மருத்துவத் துறைக்கு நம்பகமானது. ஆனால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரே இனிஷியலோடு தேடினால், அதே எழுத்தில் தொடங்கும் இரட்டை இனிஷியல்காரர்களும் சேர்ந்து வருவார்கள். கட்டுரையாளரின் முழுப்பெயர் 2002-இலிருந்துதான் பதியப்படுகிறது, அதற்கு முந்தையவற்றில் இனிஷியல் மட்டுமே. நிறுவன முகவரியோ, 2014-க்கு முன் முதல் கட்டுரையாளருக்கு மட்டுமே இருக்கும். ஆகவே பெயரோடு டர்பன் என்ற ஊரையும் சேர்த்துத் தேடினால், ஜோகன்னஸ்பர்க்காரர் முதல் பெயராக இருந்த பழைய கூட்டுக் கட்டுரைகள் எல்லாம் காணாமல் போகும். புதியவர்கள் விழும் ஆழமான குழி இதுதான். பழைய ஆண்டுகளுக்கு ஊரை விட்டுவிட்டு, இணைந்து எழுதியவர்களின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

பிறகு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்காலர், ஓபன்அலெக்ஸ். உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு சைலோ தென்னாப்பிரிக்காத் தொகுப்பையும் விடாதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் மூன்றாம் படியில் எழுதிய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அலுப்பான வேலைதான். செய்தே ஆக வேண்டும்.

6. களையெடுப்பு

இப்போது தாளில் அவருடையதும் அவருடையது அல்லாததும் கலந்து கிடக்கும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெண் மருத்துவர் ஒருவருக்காக இந்த வேலையைச் செய்தபோது, பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே 1980-களில் ஆய்விதழ்கள் அனுப்பிவைத்த மறுபதிப்புத் தாள்கள், துருப்பிடித்த ஊக்குகளோடு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பட்டியலில் விரல் வைத்துப் படித்தார். "தம்பி, இது என்னுடையது இல்லை. இது தொடையெலும்பு முறிவு. நான் குழந்தைகள் வார்டைத் தாண்டிப் போனதே இல்லை." அடுத்த பக்கத்தில் நான் சந்தேகம் என்று அடித்து வைத்திருந்த ஒன்றைத் தொட்டார். "இது என்னுடையது. இரண்டாவது பெயர் எங்கள் வார்டு சிஸ்டர். அவர்தான் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டார்." எந்தத் தளமும் சொல்லித் தந்திருக்காத தகவல் அது. ஒரு மணி நேரத்தில் பதினொரு கட்டுரைகளை நீக்கினோம், நான்கைச் சேர்த்தோம்.

ஆகவே ஆய்வாளர் உயிரோடு இருக்கும்போது, பட்டியலை அவர் கண்ணால் பார்க்க வையுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் சரி என்று பதில் போட்டுவிடுவார்கள். அருகில் உட்கார்ந்தால்தான் வாசிப்பார்கள்.

பிறர் கட்டுரையை நீக்கிய பிறகு பார்க்க வேண்டியவை:

இரட்டைப் பதிவு. மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரைகளை வெளியிடும் மெட்ஆர்கைவ் தளத்தில் முதலில் போட்டதும் பின்னர் ஆய்விதழில் வந்ததும் இரண்டு வரிகளாக நிற்கும். ஒன்றாக்குங்கள். மாநாட்டுச் சுருக்கங்களைத் தனிப் பகுதிக்கு மாற்றுங்கள்.

கூட்டுக் குழுப் பெயர்கள். பெரிய மருத்துவப் பரிசோதனைகளில் ஒருவர் கட்டுரையாளராகவும் இருக்கலாம், குழு உறுப்பினராக இணைப்பில் மட்டும் இருக்கலாம். பப்மெட் இவ்விரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறது. இணைப்பில் மட்டும் இருப்பவரைக் கட்டுரையாளர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

திரும்பப் பெறப்பட்டவை. இப்போது டி.ஓ.ஐ. எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக இலவசமாகக் கிடைக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தொகுப்பில் ஒவ்வொரு டி.ஓ.ஐ. எண்ணையும் சரிபாருங்கள். ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள், அதன் நிலையைப் பக்கத்தில் எழுதுங்கள். இணைந்து எழுதியவரின் தவறால்கூட அப்படி நேரலாம். மறைத்தது பின்னால் தெரிய வந்தால் மீதிப் பட்டியல் முழுவதையும் சந்தேகிப்பார்கள்.

7. தளங்களில் உள்ள பக்கங்களைத் திருத்துங்கள்

ஸ்கோபஸ் தானாகவே ஒவ்வொருவருக்கும் பக்கம் உருவாக்குகிறது. ஒருவர் மூன்றாகப் பிரிந்திருப்பார், அல்லது மூவர் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். இணைக்கவும் பிரிக்கவும் அங்கேயே படிவம் இருக்கிறது, சந்தா இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். வெப் ஆஃப் சயன்ஸில் இலவசமாகப் பதிவு செய்து பக்கத்தை உரிமை கோரலாம். திருத்தம் நடைமுறைக்கு வர நாள் பிடிக்கும். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இதைத் தொடங்குபவர்களுக்கு உதவ வழியில்லை.

கூகுள் ஸ்காலரில் ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். புதிய கட்டுரைகளைத் தானே சேர்க்கும்படி விட்டுவிட்டால், அதே பெயருடைய இன்னொருவரின் கட்டுரைகள் மெல்ல மெல்ல வந்து சேரும். மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள்.

8. இப்போதுதான் எண்ணுங்கள்

எச்-குறியீட்டை இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ மேற்கோள் இருக்கும் கடைசி இடமே அந்த எண்.

ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். பத்துக் கட்டுரைகள், மேற்கோள்கள் 48, 31, 22, 15, 9, 7, 6, 6, 3, 0. ஆறாவது கட்டுரைக்கு 7 இருக்கிறது, போதும். ஏழாவதுக்கு 6 மட்டுமே, போதாது. எச்-குறியீடு 6.

இதே ஆள் தளத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தால்? ஒரு பக்கத்தில் 48, 22, 9, 6, 3. மறுபக்கத்தில் 31, 15, 7, 6, 0. இரண்டுக்கும் 4 தான் கிடைக்கும். கூட்டினால் 8 என்று எழுதிக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணைக் கூட்டவே கூடாது, பட்டியலை ஒன்றாக்கி மறுபடி அடுக்க வேண்டும். மாறாக, வேறொரு நாயுடுவின் 20-உம் 12-உம் பெற்ற இரண்டு கட்டுரைகள் உள்ளே வந்துவிட்டால் 6 என்பது 7 ஆகிவிடும். பதவி உயர்வுக் குழுவின் மேசையில் ஒரு இலக்கத்துக்கு இருக்கும் எடை தெரிந்தவர்கள், முந்தைய ஏழு படிகளை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்று புரிந்துகொள்வார்கள்.

எண்ணை எழுதும்போது தளத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், அறிக்கைகள் வரை எண்ணுவதால் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். ஒருவருக்குக் கூகுள் எண்ணையும் இன்னொருவருக்கு வெப் ஆஃப் சயன்ஸ் எண்ணையும் வைத்து ஒப்பிடுவது, ஒருவரைச் செருப்போடும் மற்றவரை வெறுங்காலோடும் நிறுத்தி உயரம் அளப்பதற்குச் சமம்.

9. எண்ணைப் படிப்பது

காசநோயிலும் எச்.ஐ.வி.யிலும் ஆய்வு செய்பவர்கள் மிகுதி, மேற்கோள்களும் மிகுதி. உடற்கூறியலில் அப்படி இல்லை. துறையையும் ஆண்டையும் கணக்கில் கொண்ட அளவுகோல்கள் இதற்காகவே உள்ளன. ஸ்கோபஸின் துறைசார் மேற்கோள் தாக்க அளவில் 1 என்பது உலகச் சராசரி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் கருவி இலவசம். பப்மெட் எண்களைக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதத்தைத் தரும், அங்கே 1 என்பது அந்நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலை. தாய்ப்பட்டியலில் பப்மெட் எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆய்விதழின் தாக்கக் காரணியை ஆளின் தகுதியாக எழுதாதீர்கள். அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றின் சராசரி மேற்கோள் எண்ணிக்கை. உங்கள் ஆய்வாளரின் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நூற்றுக்கணக்கான கட்டுரையாளர்களைக் கொண்ட உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவற்றில் பெயர் இருந்தால், ஒரே கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் கொண்டுவரும். அத்தகையவற்றோடு ஒரு முறையும், அவற்றை விட்டு ஒரு முறையும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். மதிப்பிடுபவர் கேட்பதற்கு முன் நாமே காட்டுவதுதான் நேர்மை, ஆய்வாளருக்கும் அதுதான் பாதுகாப்பு.

10. எண்ணோடு ஒரு பத்தி எழுதுங்கள்

மிகச் சிறந்த சில கட்டுரைகளுக்கு, என்ன கண்டார்கள், அதில் இவர் பங்கு என்ன, அதன் பிறகு என்ன நடந்தது என்று நான்கைந்து வரி. இங்கே எங்கள் மாகாணத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகளைப் புதியவர்களுக்குக் காட்டுவேன்.

2006-இல் லான்செட்டில் வந்த துகேலா ஃபெர்ரி ஆய்வு. பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மிகைமருந்தெதிர்ப்புக் காசநோயாளிகள் 53 பேர், அவர்களில் 52 பேர் இறந்தனர். சிறிய எண்ணிக்கை, ஒரு கிராமப்புற மருத்துவமனை. ஆனால் உலகமே அந்த நோயைத் திரும்பிப் பார்த்தது. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இந்த விவரம் யாருக்கும் தெரியாது.

2010-இல் சயன்ஸ் இதழில் வந்த, டர்பனின் எய்ட்ஸ் ஆய்வு மையமான கப்ரிசாவின் கப்ரிசா 004 ஆய்வு. 889 பெண்களிடம் நடத்தியதில் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கலந்த ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது. பெண் தன் கையிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு என்பதால் பெருமளவில் மேற்கோள் காட்டப்பட்டது. 2015-இல் ஃபேக்ட்ஸ் 001 என்ற பெரிய பரிசோதனையில் அந்த ஜெல்லுக்குப் பலன் காணப்படவில்லை. முதல் ஆய்வின் மதிப்பு அதனால் போய்விடவில்லை. தொடர்ந்து வந்ததையும் சேர்த்து எழுதினால்தான் படிப்பவர் நம்புவார்.

மேற்கோளே வராத பங்களிப்பும் உண்டு. சிகிச்சை வழிகாட்டுதல்களில் ஒரு கட்டுரை இடம்பெற்றிருந்தால் பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். ஒரு வார்டின் மருந்தளவு அட்டவணை மாறியிருந்தால், அந்த அட்டவணையின் படியைக் கேட்டு வாங்குங்கள்.

11. பாதுகாப்பும் புதுப்பித்தலும்

தாய்ப்பட்டியலின் ஒரு படியை ஆய்வாளரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, புதிய கட்டுரைகளை மட்டும் சேர்த்து, தளங்களில் அந்நியக் கட்டுரை ஏதும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை மூன்று வாரம் பிடித்த வேலை அதன் பிறகு ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

நீக்கிய கட்டுரைகளை அழித்துவிடாதீர்கள். அவற்றைத் தனித் தாளில், நீக்கிய காரணத்தோடு வையுங்கள். அடுத்த முறை அதே தொடையெலும்பு முறிவு மறுபடி வந்து நிற்கும்போது, அந்த அம்மாவின் வீட்டுக் கதவை இன்னொரு முறை தட்ட வேண்டியிருக்காது.